பசியறிந்த பெருந்தலைவர்

முதுகலை இரண்டாம் ஆண்டு, பொருளியல் துறை மாணவி ஒருவர்

பசி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஒட்டிய வயிறும் குழிவிழுந்த கன்னமுமே. ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான பசி அப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பதில்லை. அது துவைத்த உடை உடுத்தி வருகிறது; எண்ணெய் தடவிப் பின்னிய சடையோடு வருகிறது; முதல் மணி அடிக்குமுன் வகுப்பில் வந்து அமர்ந்துவிடுகிறது. கேட்டால், சாப்பிட்டாயிற்று என்று சிரித்துக்கொண்டே சொல்கிறது.

இதனை நான் அறிந்துகொண்டது என் ஆய்வேட்டின் வாயிலாகத்தான். வளரிளம் பருவத்தினரின் ஊட்ட உணவும், அது பற்றி அரசு வகுத்த கொள்கைகளும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். 10 வயது முதல் 19 வயது வரை உள்ளோரை வளரிளம் பருவத்தினர் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அவ்வாறாயின், நம் கல்லூரியில் இளங்கலை முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைப்போருள் பெரும்பாலோர் இக்கணக்கில் அடங்குவரன்றோ?

ஆய்வின் தொடக்கத்தில் நான் ஒரு பிழை செய்தேன். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளிடமும் வகுப்புத் தோழியர் சிலரிடமும் சென்று, காலையில் உணவு உண்டீர்களா என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் உண்டோம் என்றனர். குறிப்பேட்டைக் கண்ட என் வழிகாட்டிப் பேராசிரியர், கேள்வியை மாற்றிக் கேட்கும்படி பணித்தார். நேற்று இந்நேரம் தொடங்கி இன்று இந்நேரம் வரை எப்போது, என்ன, எவ்வளவு உண்டாய் என்றும், வீட்டில் யார் உண்ட பிறகு உண்டாய் என்றும் கேட்கச் சொன்னார். ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் கையாளும் முறை அது. விடைகள் தலைகீழாயின. சாப்பிட்டாயிற்று என்றவர்களுள் பலர் குடித்தது ஒரு குவளைத் தேநீர். சிலர் இரவில் எஞ்சிய சோற்றை உண்டிருந்தனர். எஞ்சவில்லையேல் அதுவும் இல்லை.

அக்கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அண்ணன் நூற்பாலைக்குச் செல்பவர். ஆதலால் முதலில் உண்பார். அடுத்து அப்பா. மாவு குறைவாக இருக்கும் நாளில் நானாகவே பசியில்லை என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடிவிடுவேன். யாரும் என்னைத் தடுத்ததில்லை. யாரும் எனக்கு மறுத்ததும் இல்லை. அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்; அம்மாவின் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். பந்தியில் முந்தாத பழக்கத்தை எங்களுக்கு நற்பண்பு என்றே கற்பித்திருக்கிறார்கள்.

அதன் பின்னர் நம் மாநிலத்தின் உணவுக் கொள்கைகள் பற்றிய நூல்களை நூலகத்தில் புரட்டலானேன். எந்த நூலை எடுத்தாலும் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரிடமே வந்து நின்றேன். அவர்தாம் பெருந்தலைவர் காமராசர். அவர் வாழ்க்கையை நாம் அனைவரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆயினும் என் கையில் இருந்த கேள்விகளோடு மீண்டும் படித்தபோது அது எனக்குப் புதிதாகத் தோன்றியது.

விருதுபட்டிச் சிறுவன்

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், இன்று விருதுநகர் என வழங்கும் விருதுபட்டியில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகக் காமராசர் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே தந்தையார் மறைந்தார். தாயாரும், பாட்டி பார்வதியம்மாளும், தங்கை நாகம்மாளும் கொண்ட குடும்பம் ஆண் துணையின்றி நின்றது. தம் நகைகளைப் பணமாக்கி, அதிலிருந்து வந்த வட்டியைக் கொண்டு சிவகாமி அம்மையார் குடும்பத்தை நடத்தினார் என்று வரலாறு கூறும்.

காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவ்வூர் வணிகப் பெருமக்கள் தம் வருவாயில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கி வளர்த்த பள்ளி அது. வீடுதோறும் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு வைப்பர். அந்தப் பிடியரிசியும் பள்ளிக்கே சேர்ந்தது. அதனால் பிள்ளைகள் சம்பளமின்றிப் படித்தனர். ஒரு பிடி அரிசி பல நூறு வீடுகளிலிருந்து வந்தால் ஒரு பள்ளியே நடக்கும் என்பதை ஏட்டில் படிக்குமுன் காமராசர் கண்ணால் கண்டிருக்கிறார்.

அவர் இளமையைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. பள்ளியில் விநாயகர் சதுர்த்தி விழா நடந்தது. பிள்ளைகள் எல்லோரிடமும் காசு வாங்கியிருந்தனர். பூசை முடிந்து சுண்டலும் பொரிகடலையும் வழங்கும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னே பாய்ந்தனர். காமராசர் ஒதுங்கி நின்றார். கடைசியில் அவர் கைக்கு வந்தது மிகச் சிறிதே. வீட்டார் கேட்டபோது, எல்லோரும் ஒரே அளவு காசு கொடுத்திருக்க, எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுப்பது கொடுப்பவர் கடமை என்றும், அதற்காகத் தாம் முண்டியடிக்க வேண்டியதில்லை என்றும் அச்சிறுவன் விடையிறுத்தானாம்.

முன்பு இக்கதையை அவருடைய தன்மானத்துக்குச் சான்றாகவே நான் கருதியிருந்தேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. முந்துகிறவனுக்கு நிறையவும் ஒதுங்குகிறவனுக்குக் குறையவும் கிடைக்குமானால், பிழை ஒதுங்குகிறவனிடத்தில் இல்லை. பங்கிடும் முறையில்தான் உள்ளது. பிற்காலத்தில் அவர் கொணர்ந்த திட்டத்தின் வித்து இதிலேயே கிடக்கிறது.

குடும்பத்தின் நிலை அவரை நெடுநாள் படிக்க விடவில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் உதவியாளாக அமர்ந்தார். நண்பர்களே, அந்த வயதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வளரிளம் பருவத்தின் வாசல் அது. பிள்ளையின் கைகால்கள் நீளத் தொடங்கும் அந்த வயதில்தான் ஏழைக் குடும்பங்கள் அவனை ஒரு வேலையாளாக எண்ணத் தொடங்குகின்றன.

சிறையும் நாற்காலியும்

1919-இல் நடந்த ஜாலியன் வாலாபாக் படுகொலை இளைஞர் காமராசரை நாட்டு விடுதலைப் போரின்பால் இழுத்தது. துணிக்கடையில் இருந்தபடியே செய்தித்தாள் படித்தும் கூட்டங்களில் உரை கேட்டும் அரசியல் கற்றார். 1930-இல் இராசாசியின் தலைமையில் வேதாரணியத்தில் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிச் சிறை சென்று, கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் வேலூர், அமராவதி எனச் சிறைகள் தொடர்ந்தன. தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறைக்கு ஈந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி அளிக்காத கல்வியைச் சிறையில் நூல்கள் வழியே தேடிக்கொண்டார்.

1940-இல் தமிழ்நாடு காங்கிரசுக் கட்சியின் தலைவரானார். 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அப்போது நாட்டில் பெரும் சலசலப்பை உண்டாக்கியிருந்தது 1953-இல் வந்த அரைநாள் கல்வித் திட்டம். அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பிள்ளைகள் ஈடுபட வேண்டும் என்பது அதன் நோக்கம். காமராசர் பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. துணிக்கடையில் தம் வளரும் பருவத்தைக் கழித்தவர் வேறென்ன செய்திருப்பார்?

பள்ளியில் ஒரு பானைச் சோறு

பள்ளிகளைத் திறந்தால் மட்டும் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். இங்கே பொருளியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பினால் தந்தைக்கு இரண்டு இழப்பு. அவன் ஈட்டும் கூலி போகிறது. அவனுக்கு மேய்ச்சல் முதலாளி வீட்டில் கிடைத்துவந்த கஞ்சியும் போகிறது. கல்வியை இலவசமாக்கினாலும் இவ்விரு இழப்பும் ஈடாவதில்லை. ஆகவே, இலவசப் பள்ளியும் ஏழைக்கு விலையுயர்ந்த பள்ளியே ஆகும்.

காமராசர் தென்மாவட்டச் சுற்றுப்பயணத்தில் ஓர் இரயில்வே கடவில் வண்டி நின்றபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்துப் பள்ளிக்குப் போகாத காரணத்தைக் கேட்டார் என்றும், பள்ளிக்குப் போனால் சோறு யார் தருவார் என்று அவன் திருப்பிக் கேட்டான் என்றும் கூறுவர். மேலே நான் பத்தியாக எழுதியதை அச்சிறுவன் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டான்.

பள்ளியில் உணவளிக்கும் எண்ணம் தமிழகத்துக்கு முற்றிலும் புதிதன்று. 1920-லேயே பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி தர முடிவு செய்தது. நிதித் தடையால் அம்முயற்சி நிலைக்கவில்லை. அதனை மாநிலம் முழுமைக்குமான கொள்கையாக்கியவர் காமராசர்.

பணம் எங்கே என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அதற்கு அவர் கண்ட விடையில் விருதுபட்டியின் பிடியரிசி மணக்கிறது. அரசின் கருவூலத்துக்காகக் காத்திராமல் முதலில் ஊர்மக்களிடம் சென்றார். 1956-இல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கப்பெற்றது. ஏழைப் பிள்ளைகளின் சோற்றுக்காகத் தெருத்தெருவாகப் பிச்சையெடுக்கவும் தாம் அணியம் என்று முதலமைச்சராய் இருந்தவர் மேடையில் அறிவித்தார். ஊர்தோறும் நெல்லும் பருப்பும் காய்கறியும் பாத்திரங்களும் வந்து குவிந்தன. பொதுக் கல்வி இயக்குநராய் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று இதனை இயக்கமாக்கினார்.

1957 ஜூலை முதல் அரசும் மானியம் அளித்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, அதில் 6 காசை அரசும் 4 காசை உள்ளூராரும் ஏற்றனர். 1961 முதல் கேர் என்னும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் வழியே பால்பொடியும் எண்ணெயும் தானியமும் வந்து சேர்ந்தன. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன, சீருடை வந்தது, உயர்நிலைப் பள்ளிகள் சிற்றூர்களை நோக்கி நடந்தன.

1963 அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப் பணிக்காகத் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1964-இல் அகில இந்தியக் காங்கிரசுத் தலைவரானார். நேரு மறைந்தபோதும் சாத்திரி மறைந்தபோதும் அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் பங்கு பெரிது. 1967 தேர்தலில் தம் சொந்த விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது. சொத்து என்று சொல்லத்தக்க எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற தட்டு

பெருந்தலைவரைப் போற்றுவது எளிது. ஆய்வு மாணவி என்ற முறையில் அவர் திட்டத்தின் எல்லையையும் நான் சொல்லியாக வேண்டும். அவர் கொணர்ந்த மதிய உணவு தொடக்கப் பள்ளிக்கு உரியது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தட்டும் நின்றுவிட்டது. தாம் எந்த வயதில் பள்ளியை விட்டாரோ, ஏறக்குறைய அந்த வயதின் வாசல் வரைதான் அவரால் ஏழைப் பிள்ளைக்குச் சோறு கொண்டுவர முடிந்தது. அன்றைய வருவாயில் அதுவே மலையைப் பெயர்த்த செயல். எனினும் வளரிளம் பருவத்தினர் அத்தட்டுக்கு வெளியே நின்றனர் என்பதும் உண்மை.

பின்வந்தோர் அத்தட்டைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்தினர். 1982 ஜூலை 1-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-இல் அது 15 வயது வரை உள்ள மாணவருக்கும் விரிந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2010-இல் அது வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு அளிக்க ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டமும் தமிழகத்தில் பிறந்தது.

நான் அந்தத் தட்டில் உண்டு வளர்ந்தவள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வேப்பமரத்தடியில் வரிசையாய் அமர்ந்து உண்டோம். அங்கே முந்தவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். சத்துணவு ஆயா ஆளுக்கொரு கரண்டி, ஆளுக்கொரு முட்டை என்று வைத்துக்கொண்டே போவார். எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பிறகு உண்ட நான், பள்ளியில் பையன்களோடு ஒரே நேரத்தில் ஒரே அளவு உண்டேன். பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்று என் பெயர் அப்பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்போடு திட்டம் முடிகிறது என்பது விதி. மதியம் மணி அடித்ததும் பழக்க தோஷத்தால் எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையைப் படித்தபோது அந்த நாள் நினைவுக்கு வந்தது. 10 முதல் 12 வயதுப் பெண்ணுக்கு நாள்தோறும் 28 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். 13 முதல் 15 வயதில் 30. 16 முதல் 18 வயதில் 32. ஆண்பிள்ளைக்கும் அதே 16 முதல் 18 வயதில்தான் தேவை 26 என உச்சத்தை அடைகிறது. உடல் மிகுதியாகக் கேட்கும் வயதும் பள்ளித்தட்டு நிற்கும் வயதும் ஒன்றாக இருக்கின்றன!

விளைவு என்ன? 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்த சோகை. ஆண்களுள் நூற்றுக்கு 31 பேருக்கு. படியேறினால் மூச்சு வாங்குவதும், மூன்றாம் பாடவேளையில் எழுத்துகள் மங்குவதும், எந்நேரமும் தூக்கம் வருவதும் சோம்பல் அல்ல. பல வேளைகளில் அது இரத்தத்தின் வறுமை. நாளை தாயாகும்போது அந்த வறுமை பிள்ளைக்கும் சொத்தாகிறது.

அரசு வாளாவிருக்கவில்லை. 2013 முதல் நாடு முழுவதும் ஆறாம் வகுப்பு தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் வந்தது. நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கினால் அது குமட்டும். குமட்டியதால் தோழியர் சிலர் அதனைச் சன்னல் வழியே எறிந்ததையும் கண்டிருக்கிறேன். மாத்திரையைக் கொடுப்பவர் வயிற்றில் சோறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? சோறு உள்ள வயிற்றில்தான் மருந்தும் தங்கும், பாடமும் தங்கும்.

நம் கையில் உள்ள பிடி

அன்புத் தோழர்களே, மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே! பெருந்தலைவர் பிறந்த நாளான ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்விழாவில் நாம் மாலை அணிவித்துக் கட்டுரை படித்துக் கைதட்டிக் கலைகிறோம். நானும் அப்படிக் கைதட்டியவளே. இனி அத்துடன் நிற்க என் மனம் ஒப்பவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் அரசுக் கல்லூரிகள் வரையிலும் அத்தட்டு நீள வேண்டும் என்பது என் ஆய்வேட்டின் முடிவு. அதற்கான செலவுக் கணக்கையும் பயன் கணக்கையும் அதில் தந்துள்ளேன். அரசு முடிவெடுக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா? எட்டயபுரத்தில் அவர் காத்திருக்கவில்லையே!

நம் கல்லூரிக்கு விடியற்காலை முதல் பேருந்தில் வருவோர் பலர். முதல் இடைவேளையில் அவர்களுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கிடைக்க வழி செய்ய இயலும். கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் மொச்சையும் விலை மிக்கன அல்ல. மேலே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அவற்றின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். வசதியுள்ள மாணவரும் ஆசிரியரும் வாரம் ஒரு பிடி பயறு கொண்டுவந்தால் போதும். ஆனால் ஒன்று. ஏழைகளுக்கு என்று பெயர் சூட்டி வழங்கினால் பசித்தவர் வரமாட்டார். இதை என் அனுபவத்தால் சொல்கிறேன். வேப்பமரத்தடியில் நடந்ததுபோல் எல்லோருக்கும் ஒரே வரிசையில், ஒரே அளவில் வைக்க வேண்டும்.

இக்கருத்தை எங்கள் துறையில் தெரிவித்திருக்கிறேன். ஆசிரியர் இருவர் முதல் வாரத்துக்கான பயற்றைத் தாம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாத்திரம் வேண்டும், சமைக்க இடம் வேண்டும், காலையில் அரைமணி நேரம் தர நான்கைந்து பேர் வேண்டும். இதைப் படிப்போருள் இயன்றவர் துறை அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் நன்றியுடையவளாவேன்.

அதற்குமுன் இன்று ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியிடம் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். நேற்றிரவு தொடங்கி இன்று காலை வரை என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.